சனிக்கோளின் வட்டமும் வினைப்பயனும்

உலகத்தார் தமக்கு வந்துற்ற துன்பங்களுக்குக் காரணங் கூறப் புகுங்கால் பெரிதும் எடுத்தாளும் பெயர்களுள் சனி என்பது தலையாயது. வாணிகத்தில் இழப்பு நேர்ந்தாலும், மக்கட்கு மணம் தடைப்பட்டாலும், உடன்பிறந்தார் பகைத்தாலும், 'ஏழரை நடக்கின்றது' என்று ஒரு சொற் சொல்லி அமைகின்றனர். அச்சொல் துன்பத்திற்கு ஒரு பெயரும், ஒரு காலவரையும், தம்மின் வேறாய ஒரு காரணமும் தந்துவிடுதலின் மனத்துக்கு ஆறுதலாகின்றது. அவ்வாறுதல் மெய்யான ஆறுதலா, அன்றி நம்மை நாமே மறைத்துக்கொள்ளும் திரையா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. இதனை ஆராய்தற்கு, அக்கோள் கதிரவனை ஒருமுறை சுற்றிவருதற்கு எத்துணைக் காலம் கொள்ளுகின்றது என்பதையும், அவ்வளவு எங்ஙனம் அறியப்பட்டது என்பதையும் முதற்கண் தெரிதல் வேண்டும். ஒன்றன் இயல்பை அறியாது அதனை அஞ்சுதலும் போற்றுதலும் ஒருங்கே பயனிலவாம்.

சனி, கதிரவனைச் சூழவரும் கோள்களுள் வியாழனுக்கு அடுத்தபடியாகப் பெரியது. அதன் குறுக்களவு நிலவுலகின் குறுக்களவினும் ஒன்பது மடங்கிற்கு மேற்பட்டது. பொருட்டிணிவு 95 மடங்கு. ஆயினும் பெரும்பகுதி ஆவிப்பொருளால் ஆயதாகலின் அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியினுங் குறைந்தது. கதிரவனிலிருந்து ஏறக்குறைய 143 கோடி கிலோமீட்டர் தொலைவில் அஃது இயங்குகின்றது. நிலவுலகம் நொடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் செல்ல, சனியோ நொடிக்கு 10 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே செல்கின்றது. வட்டமும் பெரிது, விரைவுங் குறைவு. ஆதலின் ஒருமுறை கதிரவனைச் சுற்றிவர அதற்கு 10,759 நாட்கள், அஃதாவது 29 ஆண்டும் ஏறக்குறைய ஐந்தரைத் திங்களும், வேண்டப்படுகின்றன. வடமொழியார் அதனைச் 'சனைச்சரன்' என்றனர். மெல்லச் செல்வோன் என்பது பொருள். நம் நிகண்டு நூலார் 'மந்தன்' என்றதும் அதுபற்றியே. தொலைநோக்காடி தோன்றுதற்குப் பன்னூறாண்டு முன்னரே வெறுங்கண்ணால் நோக்கியோர் அதன் மெல்லிய செலவை அளந்து, அதனையே பெயராகவும் இட்டனர் என்பது கருதத்தக்கது.

இவ்வளவு ஒருவர் விருப்பத்தால் அமைந்ததன்று. கதிரவனிலிருந்து கோள் நிற்குந் தொலைவும் அது சுற்றுங் காலமும் தம்முள் ஓர் ஒழுங்கினால் பிணிப்புண்டுள்ளன என்பதைக் கெப்ளர் என்னும் வானநூலார் 1619ஆம் ஆண்டில் வெளியிட்டார். நிலவுலகின் தொலைவை ஒன்று எனக் கொள்ளின் சனியின் தொலைவு 9.54 ஆகும். இதனை மும்முறை பெருக்க ஏறக்குறைய 868 வரும். எவ்வெண்ணைத் தன்னோடு தான் பெருக்க 868 வருமோ அஃது ஏறக்குறைய 29.46. இதுவே சனி ஒருமுறை சுற்றுதற்காகும் ஆண்டின் தொகை. ஒரு மாத்திரையும் பிறழாத இவ்வொழுங்கினுள் அரசன், ஆண்டி, நல்லோன், தீயோன் என்னும் வேறுபாடு யாண்டும் இல்லை.

இனி, வழக்கிலுள்ள 'ஏழரை' என்னும் எண்ணை நோக்குவோம். ஒருவன் பிறந்த இராசிக்கு முன்னிராசியிலும், அவ்விராசியிலும், பின்னிராசியிலும் சனி நிற்குங் காலமே ஏழரையாண்டு எனப்படும். பன்னிரண்டு இராசிகளையும் 10,759 நாளிற் கடக்குங் கோள், மூன்று இராசிகளை ஏறக்குறைய 2,690 நாளிற் கடக்கும். ஏழரை ஆண்டுக்கோ ஏறக்குறைய 2,740 நாள். எனவே ஏழரை என்னும் எண்ணிலேயே ஐம்பது நாள் மிகையாக உள்ளது. இது முன்னோர் பிழையன்று. வழக்கிற்கு எளிதாக முழுதாக்கிச் சொன்ன தொகை. ஆனால் அச்சத்தோடு நாளெண்ணுவோர், தாம் எண்ணுவது தோராயமான தொகை என்பதையும் மறந்துவிடுகின்றனர்.

நம் முன்னோர் கண்ட அளவு வியக்கத்தக்கது. நாற்பத்துமூன்று இலக்கத்து இருபதினாயிரம் ஆண்டு கொண்ட மகாயுகத்தில் சனியின் சுற்று 1,46,568 எனச் சூரிய சித்தாந்தம் கூறும். ஆரியபடர் 1,46,564 என்பர். இவ்விரண்டனுள் எதனைக் கொண்டு வகுப்பினும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10,766 நாள் வரும். இக்கால அளவோடு ஒப்பிடின் வேறுபாடு ஆறு அல்லது ஏழு நாளேயாம். பதினாயிரம் நாளில் ஏழு நாள் என்பது மிகச் சிறிது. எனினும் சிறு கடன் ஆண்டுதோறும் வட்டி ஏறிப் பெருங்கடனாதல்போல, இச்சிறு வேறுபாடும் சுற்றுத்தோறும் கூடிவரும். ஆரியபடர் காலமாகிய கி.பி. 499 முதல் இன்றுவரை சனி ஐம்பது சுற்றுக்கு மேல் முடித்துவிட்டது. திருத்தமின்றி விடின் ஏழேழாகக் கூடிய நாட்கள் ஓராண்டளவாகிவிடும்.

தமிழ்நாட்டுப் பழைய பஞ்சாங்கங்கள் வாக்கிய முறையைப் பின்பற்றுவன. எண்களை எழுத்துக்களாக அமைத்துச் சிறு சிறு வாக்கியங்களாக்கி மனப்பாடஞ் செய்து கணிப்பதே அம்முறை. திங்களுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உள. 1825ஆம் ஆண்டு நிகழ்ந்த திங்கட் கிரகணத்தைப் புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர், ஏடும் எழுதுகோலுமின்றிச் சோழிகளைத் தரையிற் பரப்பி, நெட்டுருவாகக் கொண்ட வாக்கியங்களாற் கணித்ததனை ஜான் வாரன் என்பார் கண்டு, அவ்வாண்டு வெளியிட்ட தம் 'காலசங்கலித' நூலில் வரைந்துள்ளார். அக்கணிப்பின் பிழை ஒருமணி நேரத்துக்கு உட்பட்டதே. அத்தகைய நினைவாற்றலும் உழைப்பும் போற்றற்குரியன. ஆயினும், கண்ணாற் காணும் நிலையோடு கணக்கைப் பொருத்தித் திருத்திக்கொள்ளல் வேண்டும் என்று, சென்னை வானாய்வு நிலையத்திற் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார் 19ஆம் நூற்றாண்டிலேயே வற்புறுத்தினார். அவ்வாறு திருத்திக் கணிப்பதே திருக்கணிதம் எனப்படுவது. இவ்விரு முறையும் இன்று அருகருகே வழங்குகின்றன. இடையிடையே பெரியோர் செய்த திருத்தங்களும், மேடராசியின் முதற்புள்ளியைக் கொள்ளும் வேறுபாடும் உண்மையின் இரண்டிற்குமுள்ள இடைவெளி கோளுக்குக் கோள் மாறுபடும். சனிக்கோளில் அது மிகப் பெரிது.

எத்துணைப் பெரிது எனின், ஒன்று காட்டுதும். சனி மகரத்தை விட்டுக் கும்பத்துட் புகுந்தது திருக்கணிதத்தின்படி 2023ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள். வாக்கியத்தின்படி அவ்வாண்டு திசம்பர் 20ஆம் நாள். வாக்கிய வழியைக் கைக்கொண்ட திருநள்ளாற்றுத் திருக்கோயிலிற் பெயர்ச்சி விழா நிகழ்ந்ததும் திசம்பரிலேயே. ஒரு கோள் ஓரிராசியுட் புகுதலில் பதினொரு திங்கள் வேறுபாடு! இதற்கிடையில் தனுவிராசியிற் பிறந்தான் ஒருவனுக்கு ஏழரை முடிந்துவிட்டதா, முடியவில்லையா?

இவ்வினா எனக்குப் பொழுதுபோக்காக எழுந்ததன்று. இளமையில் என்னிடம் தமிழ் பயின்ற ஒருவர் இத்திருவண்ணாமலை நகரிலேயே வாழ்பவர். அவர்தம் தமையனார் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் இருந்தார். தந்தை வழி நிலத்தின் எல்லைபற்றி இருவருக்கும் மனவேற்றுமை உண்டாகி மூன்றாண்டு பேச்சற்றிருந்தனர். 2023ஆம் ஆண்டு தைத்திங்களில், உடல்நலங் குன்றிய தமையனார், 'தம்பி ஒருமுறை வந்துபோகட்டும்' என்று ஆள்வழிச் சொல்லி விடுத்தார். இவர் இராசி தனு. ஏழரை முடியுமுன் உறவினரோடு பேச்சுத் தொடங்கின் அது முறிந்துவிடும் என ஒரு கணியர் கூறியிருந்தார். திருக்கணிதம் முடிந்தது என்றது. வாக்கியம் முடியவில்லை என்றது. இரண்டு பஞ்சாங்கங்களையுங் கைக்கொண்டு அவர் என்னிடம் வந்து, 'ஐயா, எதனைக் கொள்வது?' என வினவினார். திருமடத்திற் பயின்ற காலந்தொட்டு வாக்கிய வழியிற் பழகியவனாதலின், 'உங்கள் குடும்ப வழக்கப்படியே கொள்க. பதினொரு திங்கள்தானே, பொறுத்திருக்கலாம்' என்றேன். அவரும் பொறுத்தார். அவ்வாண்டு ஐப்பசியில் தமையனார் இறைவன் திருவடி சேர்ந்தார். மார்கழியிற் பெயர்ச்சி கழிந்தபின் அவர் மீண்டும் வந்து என் திண்ணையில் அமர்ந்து, 'ஐயா, சனி விலகிவிட்டது, அண்ணன் இல்லை. எந்தப் பஞ்சாங்கம் மெய்?' என்றார். அன்று என்னால் விடை கூற இயன்றிலது. இக்கட்டுரை அவ்விடையைத் தேடியதேயாகும்.

வானத்திற் கோள் நிற்கும் நிலையை மட்டும் வினவின் விடை எளிது. கண்ணுக்கும் கருவிக்கும் ஒத்துவருவது திருக்கணிதமே. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் அவர் வினவியது வானத்தைப் பற்றியதன்று. திருக்கணிதத்தைக் கொண்டிருப்பின் அவர் தைத்திங்களிலேயே சென்றிருப்பார், தமையனாரைக் கண்டிருப்பார், யானும் குற்றமின்றித் தப்பியிருப்பேன். அஃது உண்மையே. எனினும், அக்கணியர் இராசியை ஓர் இடந் தள்ளிக் கூறியிருப்பின் அதே திருக்கணிதம் இன்னும் இரண்டரை ஆண்டு பொறுக்கச் சொல்லியிருக்கும். ஆகவே பிழை பஞ்சாங்கத்தில் இல்லை. வேறிடத்தில் உள்ளது. அவ்விடத்தைச் சித்தாந்த நூல்வழி நின்று காண்போம்.

திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் இரண்டாஞ் சூத்திரம், வினைப்பயன் உயிருக்கு வருமாற்றை ஆராய்கின்றது. அதன்வழி நின்று நோக்குழி, செய்த வினை சடம். தன்னைச் செய்தவன் யார் எனத் தேடிச் சென்று பயன் தரும் அறிவு அதற்கில்லை. உயிர் அறிவுடையதாயினும் அறிவித்தாலன்றி அறியாது. அன்றியும் தான் செய்த தீவினையின் பயனைத் தானே தேடி எடுத்துக்கொள்வாரும் இல்லை. காலமோ எனின், அஃது அசுத்த மாயையின் காரியமாகிய ஒரு தத்துவம். கழிவு, நிகழ்வு, எதிர்வு என எல்லை வகுப்பதன்றி எல்லையின்கண் நிற்பான் இன்னான் என அறியாது. நியதி தத்துவம் அவரவர் வினையை அவரவர்க்கே உரியதாக நிறுத்துமாயினும் அதுவும் சடமே. செலுத்துவான் ஒருவனின்றித் தானே செயற்படாது. எனவே வினையையும், செய்த உயிரையும், நுகர்தற்குரிய காலத்தையும் ஒருங்கறிந்து கூட்டுவான் முற்றறிவுடைய முதல்வன் ஒருவனே என்பது போதரும்.

இவ்வளவைக்குள் சனிக்கோளை வைத்துப் பார்க்க. ஆவியும் பனியும் பாறையுமாகிய அப்பேருருவம், அடி அண்ணாமலையில் ஒரு முதியவர் நோயுற்றிருந்ததையும், அவர் தம்பி எல்லைக்கல் ஒன்றன் பொருட்டு முகந் திருப்பியிருந்ததையும் அறியுமா? அறியாதாயின் அறியாத ஒன்று தண்டிப்பது எங்ஙனம்? பருமையே ஆற்றல் எனின், 84 ஆண்டில் ஒருமுறை கதிரவனைச் சுற்றும் யுரேனசும், 165 ஆண்டில் ஒருமுறை சுற்றும் நெப்டியூனும் சனியோடு ஒருங்கெண்ணத்தக்க பெருங் கோள்களே. முன்னது 1781லும் பின்னது 1846லுமே கண்டறியப்பட்டன. யுரேனசைச் சூழ்ந்த வளையங்களை நம் அண்டையிலுள்ள சவ்வாது மலைக் காவலூர் வானாய்வு நிலையத்தாரும் 1977ஆம் ஆண்டில் நோக்கிக் குறித்தனர். கண்டறியப்படுதற்கு முன்னும் அவை இயங்கியே வந்தன. ஆயினும் அவற்றை எண்ணாமலேயே நம் முன்னோர் ஒன்பதின் கணக்கு வகுத்து அமைந்தனர். இதனால், நம் நூல்கள் கூறுங் கோட்கணக்கு வானத்துப் பொருள்களின் தள்ளலும் ஈர்த்தலும் பற்றி எழுந்ததன்று. குறிப்புக்காட்டும் ஒரு கணக்கு என்பது விளங்கும்.

அற்றேல், சோதிடம் முழுதும் பொய்யோ, ஆகமங்கள் கோள்வழிபாட்டையும் நாட்கோள் நோக்குதலையும் விதித்தமை என்னை எனின், கூறுதும். நாழிகைமணி ஒலித்தவுடன் உச்சிக்காலப் பூசை தொடங்குகின்றது. மணி பூசையைச் செய்வதன்று, உச்சிப்பொழுதை உண்டாக்குவதுமன்று, பொழுதை உணர்த்தும் அவ்வளவே. அதுபோலக் கோள்கள் உயிர் நுகர்தற்கு முதிர்ந்த வினையின் பருவத்தை உணர்த்தும் குறியாகலாம். அஞ்சற்காரன் ஒரு துயரச் செய்தியைக் கொணர்ந்தால் அவனை வைதலும் தகாது. அவன் காலில் வீழ்ந்து செய்தியை மாற்றித்தருக என இரத்தலும் தகாது. எழுதினவன் வேறு, விடுத்தவன் வேறு. வினைக் கடிதத்தை எழுதியவர் நாமே. உரிய நாளில் விடுத்தவன் இறைவன். கோள்களை அவனாணைவழி நிற்கும் அதிகாரிகள் எனக் கொண்டு அவ்வளவில் வணங்குதல் ஆகமநெறிக்கு ஒத்தது. அவற்றையே தலைவராகக் கொள்ளுதல் ஒவ்வாதது. திருநள்ளாற்றிற் சென்று சனி சந்நிதியில் நெடுநேரம் நின்று, தருப்பாரணியேசுவரர் திருமுன்பை விரைந்து கடந்து வருவாரைக் காணுந்தோறும் இவ்வேறுபாடு மறக்கப்பட்டதே என மனம் நோகின்றது. ஞானசம்பந்தப் பிள்ளையார் மதுரையில் அனல்வாதத்தில் இட்ட ஏடு அத்தலத்து இறைவன்மேற் பாடிய திருப்பதிகம் என்பதும், அது தீயில் வேவாது பச்சையாகவே நின்றமையின் பச்சைப்பதிகம் எனப் பெயர் பெற்றதென்பதும் சைவர் அனைவரும் அறிந்தனவே. நளனுக்குத் துயர் தீர்த்தவனும் அவ்விறைவனே.

மற்று, துன்புற்றானுக்கு 'இன்ன நாளொடு முடியும்' என்று சொல்லுதல் ஒரு கைத்தாங்கல் அன்றோ, அதனையும் பறித்தல் இரக்கமின்மையன்றோ என ஒருவர் வினவலாம். இவ்வினாவை எளிதில் தள்ளுதற்கில்லை. நோயும் வறுமையும் நெடுநாள் தொடர்ந்தவிடத்து, முடிவு ஒன்று உண்டு என்னும் நம்பிக்கையாற் பலர் உயிர் தரித்துள்ளனர். அந்நம்பிக்கை வேண்டும். ஆனால் அதனை எதன்மேல் ஊன்றுவது என்பதே கேள்வி. நாள் கணக்கின்மேல் ஊன்றினால், குறித்த நாள் கழிந்தும் துன்பம் நீங்காதபோது நம்பிக்கை முழுதும் சரிந்துவிடும். இரு பஞ்சாங்கம் இருநாள் கூறினால் பாதி அன்றே சரியும். வினைக்கு முடிவுண்டு என்பதும், முடிப்பவன் அருளாளன் என்பதும் பற்றி ஊன்றினால், அந்நம்பிக்கைக்குத் திருக்கணிதத்தாலும் வாக்கியத்தாலும் இழுக்கில்லை. கைத்தாங்கலைப் பறிக்க வேண்டுவதில்லை; அதனை உளுக்காத மரத்திற் செய்து கொடுத்தல் வேண்டும்.

இனி இவ்வாராய்ச்சியின் நடுநாடியாவது ஒன்றுண்டு. வினை, சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும். பண்டு செய்து கிடப்பது சஞ்சிதம். அதனினின்றும் இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். நுகருங்கால் புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். கோள்நிலை ஒன்றனைக் குறிக்குமாயின் பிராரத்தத்தையே குறித்தல் கூடும். ஏனெனின் நுகர்ச்சிக்கு முதிர்ந்தது அதுவேயாகலின். உடன்பிறந்தார் இருவரிடைப் பகை மூண்டது பிராரத்தம் என்க. சனியின் காலத்தில் அது மூண்டது என்பாரும் சொல்லிக்கொள்க. ஆனால், 'வந்துபோக' என்னும் அழைப்பு வந்தபின் போகாதிருந்தது பிராரத்தமன்று, அது புதுவினை. அதனை நடத்தியது சனியன்று. அவரும், அவர்க்கு அவ்வாறுரைத்த யானுமே. நுகரவேண்டியதைக் காட்டும் குறியைச் செய்யவேண்டியதைத் தடுக்கும் ஆணையாக மாற்றிக்கொண்டோம். ஆகாமியக் கணக்கில் எழுதவேண்டிய ஒன்றைப் பிராரத்தக் கணக்கில் எழுதி, அக்கணக்கையும் சனியின் பெயரில் ஏற்றினோம். பிழை இருந்த இடம் இதுவே. இதனின் வேறாய பிழையை எப்பஞ்சாங்கத்திலும் தேடுதல் வேண்டா.

கோளறு திருப்பதிகம் பிறந்த வரலாறு இதனை வலியுறுத்துகின்றது. மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அழைப்பு விடுப்பத் திருமறைக்காட்டினின்றும் பாண்டிநாட்டுக்குப் புறப்பட்ட பிள்ளையாரை, நாளுங் கோளும் நல்லவாயில்லை என்று அப்பர் அடிகள் தடுத்தமையைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கின்றார். பிள்ளையார் அப்பரடிகளின் கணக்கு பிழை என்றாரல்லர். கோள்கள் இல்லை என்றாருமல்லர். வேறு பஞ்சாங்கம் தேடினாருமல்லர். அண்ணல் உள்ளத்தில் இருக்குங்கால் அவையாவும் அடியார்க்கு நல்லனவே என்பதைத் திருப்பதிகமாக அருளிப் புறப்பட்டுச் சென்றார். இத்திருப்பதிகத்தைக் கோள்நோய் தீரும் மந்திரமாக நாள்தோறும் ஓதுகின்றோம், நன்று. ஆயின் அதனைப் பாடியவர் பாடியபின் வீட்டில் இருந்தாரல்லர், சென்றார் என்பதை மறந்துவிடுகின்றோம். துயருற்ற ஒருநாட்டார் அழைத்தனர். அழைத்தவிடத்துச் செல்லுதல் கடன். கடன் வந்து நின்றபோது கோள்நிலை அவரைத் தடுக்கவில்லை. இருந்தவிடத்திலிருந்து ஓதி, செல்லவேண்டியவிடத்துச் செல்லாதிருத்தல் பதிகத்தின் பாதியை மட்டும் ஓதுதல் போலும்.

வானநூல் மற்றொன்றையும் நமக்குக் கற்பிக்கின்றது. சனி ஆண்டுதோறும் ஏறக்குறைய நாலரைத் திங்கள் பின்னோக்கிச் செல்வதாக நம் கண்ணுக்குத் தோன்றும். இதனை வக்கிரம் என்பர். திருக்கணிதத்தின்படி 2022 ஏப்பிரல் 29ஆம் நாள் கும்பத்துட் புகுந்த சனி, சூலை 12ஆம் நாள் மகரத்துக்கு மீண்டு, 2023 சனவரி 17ஆம் நாளிலே மறித்துங் கும்பம் புகுந்தது. உண்மையில் அக்கோள் ஒருகணமும் பின்னோக்கிச் சென்றதில்லை. நாம் நிற்கும் நிலவுலகம் விரைந்து அதனைக் கடந்து செல்லுதலின், நமக்கு அது பிற்போவதாகத் தோன்றுகின்றது. கதிரவனில் நின்று நோக்குவார் உளராயின், சனி என்றும் ஒருநெறியே முன்னோக்கிச் செல்லக் காண்பர். திரோதான சத்தியின் செயலை உணர்தற்கு இஃதோர் உவமையாகும். பாசவயப்பட்டு நின்று நோக்குங்கால் இறைவன் அருள் நம்மை விட்டுப் பின்வாங்கினாற்போலவும், நம்மைத் துன்புறுத்துதல் போலவும் காணப்படுகின்றது. அருளின்கண் நின்று நோக்கினார்க்கு அம்மறக்கருணையும் மலபரிபாகத்தின் பொருட்டு முன்னோக்கிய செலவேயாம். மாறவேண்டுவது கோளின் நெறியன்று. நாம் நிற்கும் இடம்.

இப்பொழுது அம்மாணவர் வினாவுக்கு விடை கூறலாம். வானத்தின் கணக்கில் திருக்கணிதம் மெய். ஆயினும் சனி எந்த இராசியில் நின்றிருப்பினும் அன்றே சென்றிருத்தல் வேண்டும். செல்லுக என்று யான் சொல்லியிருத்தல் வேண்டும். சனி தன் வட்டத்தை முடிக்க 10,759 நாள் கொள்ளுகின்றது. அண்ணாமலையை வலம்வர 14 கிலோமீட்டர். நடப்பார்க்கு நான்கு மணி நேரம் அமையும். தமையனார் இல்லம் அவ்வழியின் இடையிலேயே இருந்தது. சடமாகிய கோள் தன் வட்டத்தைக் கடமை பிறழாமற் சுற்றிக்கொண்டிருக்க, அறிவுடைய நாம் அதன் பெயரைச் சொல்லி நம் கடமையில் நின்றுவிட்டோம்.

இதனை அவரிடம் கூறியபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். யான் தவறாகச் சொன்னேன் என்பதையும் வெளிப்படக் கூறினேன். சின்னாட் கழித்து, வழக்கிற்கிடனாயிருந்த எல்லை நிலத்தைத் தமையனார் மக்களுக்கே விட்டுக்கொடுத்து எழுதிவிட்டதாகத் தெரிவித்தார். 'நாள் பார்த்தீரோ?' என்றேன். 'இல்லை ஐயா, அவர்கள் வீட்டிலிருந்த நாளாகப் பார்த்துப் போனேன்' என்றார். போன உயிர்க்கு இது கைம்மாறாகாது. ஆயினும் இனி வரும் வினைக்கு வேலியாகும். பௌர்ணமிதோறும் அவர் மலை வலம்வருங்கால் அடி அண்ணாமலையில் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செல்கின்றார்.

ஆதலின் சைவநன்மக்கள் கோள்களின் அளவை வானநூலாரிடம் கேட்டறிக. அவற்றை இயக்குவானை ஆகமத்தாலும் அருள்நூலாலும் தெளிக. பொறுக்க வேண்டியது வந்துழிப் பொறுமையையும், செய்ய வேண்டியது வந்துழி விரைவையும் மேற்கொள்க. கோள்களுக்கும் காலத்துக்கும் ஒருங்கு தலைவனாகிய அண்ணாமலைப் பெருமான், அடியும் முடியுங் காணப்படாத தன் பெருமையால் நம் சிறுகணக்குகளின் குற்றம் பொறுத்து அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.